வெற்றிடம்

ஜெயமலர் மிஸ்ஸுக்கு ஐம்பத்தெட்டு.
ஊழியர் அறையில் கேக்.
மெழுகுதிரி இரண்டுதான்: ஓர் ஐந்து, ஓர் எட்டு.
மின்விசிறியை நிறுத்தச் சொல்லி யாரோ கத்த,
ஊதுமுன்பே அணைந்துபோனது எட்டு.

அறுபத்தைந்தில் ஓய்வு.
கைதட்டிக்கொண்டே கழித்துப் பார்த்தேன்.
ஏழு.
நாலு வருஷம் ஆய்வு, எழுதி முடிக்க ஒன்று,
மிச்சம் இரண்டும் எங்காவது ஒரு குளிரில்
வேறொருவரின் ஆய்வுகூடத்தில் கூலிக்கு.
அச்சொட்டாக ஏழு.
"என்ன பிள்ளை, பலத்த யோசனை?"
துண்டை நீட்டியபடி மிஸ் கேட்டா.
இனிப்புக் கூட மிஸ் என்றேன்.

ஐந்தாம் முறையாக நான் தற்காலிக விரிவுரையாளர்.
என் ஒப்பந்தம் டிசம்பரில் செத்து
பெப்ரவரியில் உயிர்க்கும்.
நடுவில் ஒரு ஜனவரி,
அதை வீட்டில் விடுமுறை என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது மூன்று இடம் அழைக்கிறது.
பேராதனை: பாதிநேரம், வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ்.
நோர்வே: முழுச்செலவும் அவர்களுடையது,
கடற்புல் என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.
குவீன்ஸ்லாந்து: யாருமே பெயர் கேள்விப்படாத ஒருத்தி,
என்னைவிட இரண்டு வயது மூப்பு.

எந்த இடம் சிறந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.
உள்ளே இருப்பவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள்.
வெளியே வந்தவர்களைத் தேடித் தேடி எழுதினேன்.

நோர்வேக்காரரிடம் முடித்தவர்கள் பதினொரு பேர்.
கற்பிப்பவர்கள் இரண்டு.
ஒருவர் மீன்தீவனக் கம்பனியில்.
ஒருவர் மூன்றாம் நாட்டில் மூன்றாம் தற்காலிகப் பதவியில்,
மகள் மூன்று மொழி பேசுகிறாளாம்,
பெருமையா, புலம்பலா, பிடிபடவில்லை.
ஒருவர் ஒரே வரி:
உங்களிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?
ஆறு பேர் பதிலே எழுதவில்லை.
அதையும் தரவாகக் குறித்துக்கொண்டேன்.

குவீன்ஸ்லாந்தில் எண்ண எதுவும் இல்லை.
மாணவர் இருவர், ஒருவரும் முடிக்கவில்லை.
ஆனால் அவள் எழுதியிருந்தாள்:
உன் கட்டுரையின் நாலாம் அட்டவணையில்
கொட்டியாரக் குடாவின் ஆழம்
மீற்றரிலா, பாகத்திலா?
மூன்று வருஷமாக அச்சில் கிடக்கும் பிழை.
யாரோ அந்த அட்டவணை வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

உவர்மலையில் என் அறை ஜன்னலுக்குள்
உட்துறைமுகம் கொஞ்சம் தெரியும்.
எத்தனை ஆழம் என்று முதலாம் வருடத்துக்குக் கற்பிக்கிறேன்,
பிள்ளைகள் வாய்பிளந்து எழுதுவார்கள்.
இன்றைக்கு நிற்பது ஒரேயொரு கோதுமைக் கப்பல்.
ஆழம் மட்டும் போதாது போல.

பின்னேரம் நிலாவெளி பஸ்.
பக்கத்தில் ரிஸ்மியா. கிண்ணியாவுக்குப் போக
அவள் இன்னொன்று மாறவேண்டும்.
அவளும் நாலு வருஷமாகத் தற்காலிகம், என் பாடமேதான்.
மடியில் மகனுக்கு டிஷுவில் சுற்றிய கேக்.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்போது சொன்னாள்:
"இன்னும் ஏழு வருஷம் இரிக்கி, என்ன?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கொண்டக்டர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தோம்.
சிரிப்பு முடிந்த இடத்தில் ஒரு சங்கடம்
எங்கள் இருவருக்கும் நடுவே சீட்டில் உட்கார்ந்தது.
"நீ எங்க போற?"
பேராதனைதான் போல என்றேன்.
"நானும் அதத்தான் யோசிக்கன்."
அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் டிக்கட்டைப் பார்த்தேன்.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
வடை சுற்றிய தாளை மென்றுகொண்டிருந்தது.
யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள்.
சிவப்புச் சரி ஒன்று
வாயோரம் வெளியே நீட்டி நின்றது.

இரவு மிஸ் படம் அனுப்பினா.
எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள்,
இரண்டு பேர் மட்டும்
அணைந்த எட்டை.

பெரிதாக்கிப் பார்த்தேன். மூடினேன்.
பிறகு அந்த அட்டவணையை எடுத்து
ஒவ்வொரு எண்ணையும் ஆறால் பெருக்கி
அடிகளாக்கி, அதை மீற்றராக்கி,
குவீன்ஸ்லாந்துக்கு அனுப்பினேன்.
வருகிறேன் என்று எழுதவில்லை.
திருத்தியதற்கு நன்றி என்றுமட்டும்.